கம்பெனி மண்

பொண்ணு இளைச்சிப் போயிட்டாளே, இந்த வீட்ல சோறு போடறாங்களா இல்லையா என்று ஆரம்பிக்கலாம். இல்லை, அது ரொம்ப நேராக இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனால் யாராவது என்ன என்று கேட்பார்கள், கேட்டதும் பிடித்துக்கொள்ளலாம். சண்டை போடுவது எனக்குப் புதிதில்லை. குழாயடியில் போட்டிருக்கிறேன், ரேஷன் கடையில் போட்டிருக்கிறேன், கட்டின புருஷனிடம் தினமும் போடுகிறேன். ஆனால் அளந்து போட்டதில்லை. இன்றைக்கு அளந்து போட வேண்டும். ஆரணியில் என் மகள் யுவராணிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வளையல் அடுக்கி, கலந்த சாதம் போட்டு, பொழுது சாய்வதற்குள் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதைத்தான் நான் நடக்க விடக்கூடாது. அவள் என்னோடு வரக்கூடாது. வராமல் இருக்க ஒரு சண்டை வேண்டும், அந்தச் சண்டையில் அவள் மாமியார் என்னை வெறுக்க வேண்டும், அவளை வெறுக்கக்கூடாது. இப்படி ஒரு சண்டையை யார் கண்டுபிடித்திருக்கிறார்கள். மடியில் எலுமிச்சை சாதத் தூக்கு சுடுகிறது. துண்டை நாலாக மடித்து வைத்தும் தொடையில் சுடுகிறது. சுடட்டும். பஸ் இன்னும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டவில்லை. ஜன்னல் ஓரத்தை எதிர்வீட்டு பேபியக்கா பிடித்துக்கொண்டாள். வளையல் பெட்டியையும் வரிசைத் தட்டுகளையும் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு, ஏறியதிலிருந்து வாயை மூடவில்லை. “காலையில எழுந்ததும் மொத வேலையா உன் நடு ரூமை நானே கழுவி உட்டேன் மே. ரெண்டு குடம் தண்ணி ஊத்தித் தேச்சேன். கட்டிலப் போட்டுப் பாய விரிச்சிட்டேன். பொண்ணு வந்ததும் கால நீட்டிப் படுக்கட்டும்.” நல்லவள். “உன்ன யாரு கழுவச் சொன்னது” என்றேன். “பாரேன், நல்லது செஞ்சா கடிக்க வரா. இவ புள்ளத்தாச்சியா, இவ பொண்ணு புள்ளத்தாச்சியா” என்று முன் சீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். முன் சீட்டுக்காரியும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு இரண்டு பேர் வாயிலும் அந்தச் சாதத்தை அள்ளி அடைக்க வேண்டும் போலிருந்தது. ஈரம் பட்டால் அது மேலே வரும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

நடு அறை. அந்த அறையை நிரப்பியது நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. எங்கள் தெரு பள்ளம். மழை பெய்தால் ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்கால் போட்டு முடித்துப் பேஸ்மட்டத்துக்கு நிரப்ப மண் இல்லாமல் நின்ற வருஷம்தான் கம்பெனியை மூடினார்கள். தோல் பதனிடுகிறவர்களுக்கு ஒரு மருந்து செய்கிற கம்பெனி. மருந்து என்றுதான் நாங்கள் சொல்வோம். மூடுவதற்கு முன்னால் உள்ளே இருந்த கழிவையெல்லாம் லாரி லாரியாக வெளியே தள்ளினார்கள். பின்பக்கம் மலை மாதிரிக் கொட்டினார்கள், அந்த மலை இன்னும் நிற்கிறது. அது போக, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். சும்மா கொடுத்தார்கள். சும்மா கொடுக்கிறான் என்றால் ஏன் கொடுக்கிறான் என்று யோசிக்க வேண்டாமா. யோசிக்கவில்லை. லாரி டிரைவருக்கு டீயும் மசால் வடையும் கொடுத்து நாலு லோடு வாங்கினேன். ஐந்தாவது லோடு பேபியக்கா வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும் லாரிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்று என் வீட்டுக்குத் திருப்பினேன். அன்றைக்கு பேபியக்கா மண்ணை வாரித் தூற்றித் திட்டினாள். அதுவும் கம்பெனி மண்தான். ஆறாவது லோடு அவளுக்குப் போனது. யுவராணி அப்போது என் வயிற்றில் மூன்று மாதம். தண்ணீர் தெளித்துத் தெளித்து வெறுங்காலோடு மிதித்து இறுக்கினேன், கும்மாளமாக இருந்தது, சொந்த வீட்டின் மண் அல்லவா. விரலிடுக்கில் புண் வந்தது. சேற்றுப்புண் என்று மஞ்சள் அரைத்துப் போட்டேன். அந்த மண்ணில் புல் முளைக்கவில்லை. கரையான் ஏறவில்லை. எறும்புகூட வரவில்லை. அதைத் தெருவே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் என் வீட்டுக்காரர் நிலைவாசலைத் தட்டிக் காட்டினாரே, “இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு சம்பந்தி, ஒரு பூச்சி அரிக்கல பாருங்க.” அவர்களும் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல வீடு என்றார்கள். பூச்சி இருக்க முடியாத இடத்தில் மனுஷன் எப்படி இருப்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், எனக்குத் தோன்றவில்லை, சரி. கம்பெனியில் படித்தவர்கள் இருந்தார்களே. கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, லாரி வெளியே போகும்போது கேட்டில் நின்று நோட்டில் எழுதினார்களே. அவர்கள் வீட்டுக்கு ஒரு லோடு கொண்டுபோனார்களா.

பாலம் வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் இல்லை, கோரைதான் நிற்கிறது. அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. துளசியிடம், அதுதான் யுவராணியின் மாமியார், இளைச்சிப் போயிட்டாளே என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குச் சோறு போடுவதில் ரோஷம். நிச்சயதார்த்தத்தன்று யாரோ சாம்பாரில் புளிப்புத் தூக்கல் என்றதற்கு அண்டாவோடு கவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தவள். அவளிடம் போய் உன் வீட்டில் என் பெண் பட்டினி கிடக்கிறாள் என்று சொன்னால், இங்கயே வெச்சி ஆக்கிப் போட்டு, இங்கயே பிரசவம் பாத்து, உன் கண் எதிரில தூக்கிக் காட்டறேன் என்று சொல்வாள். சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால். இந்த எலுமிச்சை சாதம் ஏன் இவ்வளவு மஞ்சளாக இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்தேன், அதிகமாகப் போட்டுவிட்டேன் போல. வீடு கட்டி முடித்ததும் வந்த முதல் மழையிலேயே எங்கள் வீட்டுச் சுவரில் மஞ்சள் பூத்தது. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில், தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு, யாரோ கையால் பூசிவிட்ட மாதிரி மஞ்சள். பேபியக்காதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, “ஆத்தா வந்து உக்காந்துட்டா மே உன் வீட்ல” என்றாள். குங்குமம் கொண்டுவந்து அந்த மஞ்சளின் நடுவில் வட்டமாக வைத்தாள். ஊதுவத்தி ஏற்றினோம். தெருப் பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். எனக்கு அந்த நாலைந்து நாள் தரையில் கால் பாவவில்லை. ஐந்து லோடு போட்டவள் வீட்டுக்குத்தான் அவளும் வந்தாள் என்று நினைத்தேன். அப்புறம் மழை விடுவதற்குள் தெருவில் கம்பெனி மண் போட்ட பதினோரு வீட்டிலும் வந்துவிட்டாள். ஆடி மாதம் அந்தச் சுவருக்குக் கூழ் படைத்தோம். யுவராணி தவழும்போது அதைச் சுரண்டி முகத்தில் பூசிக்கொண்டு வரும், நான் சாமி மஞ்சள் என்று துடைக்காமல் விடுவேன். அவள் வயதுக்கு வந்தபோது நடு அறையில் அந்தச் சுவரோரமாகத்தான் உலக்கை குறுக்கே போட்டு உட்கார வைத்தோம். ஒன்பது நாள். முதுகு அதில் சாய்ந்திருந்தது. முதுகில் கொப்புளம் வந்ததற்கு வேர்க்குரு என்றேன். சுரண்டியதும் பூசியதும் வாய்க்குள் எவ்வளவு போனது. எவ்வளவு போனால் என்ன ஆகும். அந்தப் பெண்ணிடம் கேட்டேனே, அவள் சொல்லத் தெரியலம்மா என்றாள்.

அந்தப் பெண், காலேஜிலிருந்து தண்ணீரும் மண்ணும் எடுத்துப்போக வந்தவள். போன மாசி மாதம். வெயிலில் வந்து நின்று தண்ணீர் கேட்டாள், நான் சொம்பில் கொடுத்ததைக் குடிக்கவில்லை, சிரித்துவிட்டுத் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அப்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எங்கள் கையால் வாங்கிக் குடிக்க அவளுக்கு அருவருப்பு என்று நினைத்தேன். வீட்டுக்குள் விட்டதே பெரிது. நடு அறையின் மூலையில் சிமென்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு கரண்டி மண் தோண்டி டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள், கையில் காகிதம். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது, எண் தெரியும். ஒரு கட்டத்தில் இவ்வளவு இருக்கலாம் என்று சின்ன எண், பக்கத்துக் கட்டத்தில் எங்கள் வீட்டு எண், அது கட்டத்துக்குள் அடங்காமல் நீளமாக இருந்தது. குரோமியமாம். மஞ்சள் நிறம் அதன் நிறமாம். நூறு வருஷமானாலும் அது அங்கேயே இருக்குமாம், மக்காதாம். சுவரில் இருந்த குங்குமத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைப் பார்த்து “இங்க யாரும்மா படுக்கறாங்க” என்றாள். பொண்ணு பிரசவத்துக்கு வரப்போறா என்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். “கூட்டிட்டு வராதீங்கம்மா. மாசமா இருக்கறவங்க, கைக்குழந்த, யாரும் இங்க இருக்கக் கூடாது.” “அப்ப நாங்க இருக்கலாமா” என்றேன். “நீ கார்ல வந்து சொல்லிட்டுக் கார்ல பூடுவ. நாங்க எங்கம்மா போறது” என்று கத்தினேன். பாவம், அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரட்டும். என் கண்ணில் வரவில்லை. காகிதத்தை மடித்து அரிசி டிரம்மின் அடியில் போட்டேன். அதிகாரிகளும் வந்தார்கள், அந்த மலைக்கு முன்னால் அபாயம் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். மலைக்குப் பலகை வைத்தாயே, என் கட்டிலுக்கு அடியில் இருப்பதற்கு எவன் வைப்பான்.

ஆற்காட்டில் பஸ் நின்றதும் முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் இறங்கிப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். தூரத்திலிருந்தே கேட்கிறது அந்த மூச்சு, சின்ன விசில் மாதிரி. கம்பெனியில் எட்டு வருஷம். மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை. அங்கே வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. ஓட்டை விழாதவன் டெம்பரவரி, விழுந்தவன் பர்மனென்ட் என்று அவர்களுக்குள் ஒரு கேலி. ஈர்க்குச்சியை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் எடுப்பார், பிள்ளைகள் கை தட்டும். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார், எனக்கு உயிர் போயிற்று. அவரிடம் காகிதத்தைக் காட்டியபோது, “அதுலயே பொரண்டு எழுந்தவன் நானு, எனக்கு இன்னா ஆச்சு” என்றார் விசிலோடு. வாலாஜாவில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரூம் எடுக்கலாமே என்றேன். “சொந்த வூட்ட உட்டுட்டு வாடகை ரூம்ல பிரசவம் பாத்தியான்னு சம்பந்தி கேட்டா இன்னா சொல்லுவ” என்றார். அங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் போய் முட்டிக்கொள்கிறேன். என்ன சொல்வேன். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. எங்கள் வீட்டுக்கு அடியில் விஷம் இருக்கிறது, பெண்ணை அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷம் துளசி என்ன கேட்பாள். அப்போ இருபத்து மூன்று வருஷம் உன் பெண் எங்கே இருந்தாள் என்று கேட்பாள். அந்த விஷத்தின் மேல் படுத்து வளர்ந்தவளைத்தான் என் பிள்ளைக்குக் கட்டி வைத்தாயா என்பாள். அப்புறம் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு பல் லேட்டாக முளைத்தால், படிப்பில் மந்தமாக இருந்தால், எல்லாம் அந்த வீட்டு ரத்தம் என்பார்கள். யுவராணியிடம் தனியாகச் சொல்லலாம் என்றால் அவளுக்கு எதுவும் வயிற்றில் தங்காது, அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிடுவாள். சொல்லாவிட்டாலும் தன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு செத்துப் போவாள். அந்த வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன், ஒருத்தி செய்தால் போதும்.

“என் பேத்தி மட்டும் இருந்திருந்தா இப்ப நடக்கும்” என்றாள் பேபியக்கா திடீரென்று. திமிரி தாண்டிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்து நினைத்தாளோ. அவள் பெண் தலைப்பிரசவத்துக்கு எங்கள் தெருவுக்குத்தான் வந்தாள், ஆறாவது லோடு மண்ணின் மேல் மூன்று மாதம் படுத்திருந்தாள். குழந்தை ஒன்பது நாள் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. பெண் அதற்கப்புறம் தாய்வீட்டுக்கு வருவதில்லை, ராசியில்லாத வீடு என்று புருஷன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். “எல்லாம் அந்த டாக்டரம்மா ஊசி போட்டதுதான். அதுக்கு முன்னாடி வெல்லக்கட்டியாட்டம் இருந்துச்சி” என்று பேபியக்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். போன வாரம் கண்ணேறு என்றாள். அதற்கு முன்னால் கிரகணத்தில் வெளியே வந்தது என்றாள். அவள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறாள், என்னிடம் காகிதம் இருக்கிறது. கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அவள் என் முடியைப் பிடித்து, நீதானேடி அந்த லாரியை முதலில் தெருவுக்குள் கூப்பிட்டாய் என்று கேட்பாள். கேட்க வேண்டும்தான். அவள் தன் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். பேத்திக்கென்று வாங்கி வைத்த கொலுசு, யுவராணியின் குழந்தைக்குக் கொடுக்கப் போகிறாளாம். “உள்ள வை” என்றேன். “ஏன் மே.” “செத்த கொழந்த சாமானை என் பேரப்புள்ள கால்ல போடுவியா.” சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பேபியக்கா பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்து, பையின் வாயைக் கயிற்றால் இறுக்கி, கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, அதற்கப்புறம் ஆரணி வரும்வரை பேசவே இல்லை. இப்படித்தான், இப்படித்தான் சொல்ல வேண்டும், இதே மாதிரி அங்கேயும் வர வேண்டும் என்று என் மனசு உள்ளுக்குள் சொல்லிக்கொண்டது. வெட்கமாக இல்லை. பயம்தான், அங்கே போனால் வாய் வராமல் போய்விடுமோ என்று.

அதுதான் நடந்தது. இன்றைக்கென்று பார்த்து துளசி நல்லவளாக இருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “வாங்கன்னு கூப்புட ஒரு ஆள் இல்லையா இந்த வீட்ல” என்றேன். உள்ளிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். “தப்பாச்சு சம்பந்தி, அடுப்புல இருந்தேன், மனசுல வெக்காதீங்க” என்று என் தூக்கை வாங்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. கசப்பில்லை, உப்பில்லை, நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன். இந்தத் தண்ணீரில்தான் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். யுவராணியை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் இளைத்திருக்கவில்லை. கன்னம் உப்பி, கழுத்தில் சதை விழுந்து, மூக்குத்தி பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த வாக்கியம் வாயிலேயே ஊறிப்போனது. இருந்தாலும் சொன்னேன். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். “கொழுத்துப் போயி கீறா, இளைச்சிட்டாளாம்” என்றாள் யாரோ. துளசியும் சிரித்து, “பெத்தவ கண்ணுக்கு அப்பிடித்தான் தெரியும். ரெண்டு மாசம் உங்க கையால ஆக்கிப் போட்டுத் தேத்துங்க சம்பந்தி. தினமும் கேக்கறா, அம்மா வெக்கற கருவாட்டுக் கொழம்புன்னு” என்றாள். ரோஷம் எங்கே போயிற்று இவளுக்கு. முதலில் வேப்பிலைக் காப்பு, அப்புறம் பச்சையும் சிவப்புமாக வளையல். ஒவ்வொருத்தியாக வந்து அவள் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் தடவினார்கள். என் முறை வந்தபோது கிண்ணத்தில் விரலை விட்டேன், எடுக்க முடியவில்லை. வெறும் சந்தனத்தை மட்டும் வைத்தேன். “மஞ்சள் வெய்யிம்மா” என்றாள் யுவராணி. அவளுக்கு எதுவும் தெரியாது. என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்து, “ஒதைக்குது பாரு” என்றாள். உதைத்தது. “நடு ரூம்ல தான் படுப்பேன், ஃபேனை மாத்தச் சொன்னேனே, அப்பா மாத்திட்டாரா.” மாத்திட்டாரு என்றேன்.

சாப்பாடு முடிந்தது. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். பஸ்ஸில் குலுங்கும் என்று மாப்பிள்ளை கோபிநாத் கார் சொல்லியிருந்தான். நல்ல பையன், அரிசி ஆலையில் மெக்கானிக், அதிகம் பேசமாட்டான். அவள் பையை அவனே தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்தான். டிக்கியைச் சாத்தும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எல்லாம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நான் கூடத்தின் நடுவில் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் மூன்று வயதுப் பெண் குழந்தையின் படம், அதற்கு ஒரு பூச்சரம், ஒரு சின்ன சிவப்பு பல்பு. துளசியின் மூத்தது. நிச்சயதார்த்தத்தன்று என்னை மட்டும் அந்தப் படத்துக்குக் கீழே கூட்டிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம், ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தால். அதை இவ்வளவு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை என்றாள், உங்களைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது என்றாள். துளசி இப்போது யுவராணியின் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “பத்திரமா பாத்துக்குங்க சம்பந்தி. உங்கள நம்பித்தான் அனுப்பறேன்.” என்னை நம்பி. என்னை. நான் வாயைத் திறந்தேன். “என்ன நம்பறது இருக்கட்டும். உன்ன நம்பி எப்பிடி அனுப்பறதுன்னு நான் யோசிச்சிகினு இருக்கறேன்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. “பொறக்கற புள்ளய இங்க அனுப்ப மாட்டேன். அஞ்சு வயசு வரைக்கும் எங்கிட்டதான் வளரும். ஒண்ணப் பெத்து சுவத்துல மாட்டினவ கையில என் பேரப்புள்ளயக் குடுக்க எனக்கு மனசு வராது.”

ஏதோ ஒரு குழந்தை வளையல் கேட்டு அழுதது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். துளசி படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று இருந்தேன், கத்தவில்லை. “கோபி” என்றாள். “பைய எறக்கு.” மாப்பிள்ளை அசையாமல் நின்றான். “எறக்குடா. பொண்ணு எங்கயும் போவல. இங்கதான் பெத்துக்குவா. நான் பாத்துக்கறேன். ஒரு நாள் இல்ல, ஒரு நாழிகை தவறாம நான் பாத்துக்கறேன். இவங்க கெளம்பட்டும்.” என் வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கி வந்து கையை ஓங்கினார், பேபியக்கா நடுவில் புகுந்து பிடித்துக்கொண்டாள். “அவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது சம்பந்தி, மன்னிச்சிடுங்க” என்று அவர் விசிலோடு கும்பிட்டார். கும்பிடாதே, கும்பிடாதே என்று எனக்குள் அலறியது. டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. பை உள்ளே வந்தது. அதைக் கூடத்தில் வைத்தார்கள், அது என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது, இன்னும் யாராவது அதைத் தூக்கிவிடுவார்களோ என்று அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யுவராணி எழுந்து வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், நடக்க நடக்கச் சத்தம். கன்னத்தில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. “உனக்கு இன்னாம்மா வேணும்” என்றாள் மெதுவாக. நான் பையைப் பார்த்தேன். “எங்க அத்தை கால்ல உழு.” துளசி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் காலைப் பார்த்தேன். ஈரக் கால், பாதத்தில் கோலமாவு ஒட்டியிருந்தது. விழுந்தால் அழுதுவிடுவாள், எனக்குத் தெரியும், அவள் அப்படிப்பட்டவள்தான். அழுதால் மன்னித்துவிடுவாள். மன்னித்தால் அனுப்பிவிடுவாள். “உழ மாட்டேன்” என்றேன். “அம்மா.” “உழ மாட்டேன்னு சொல்றேன்ல.” யுவராணி என்னை முதல்முறை பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டை என் கையிலிருந்து வாங்கி பேபியக்காவிடம் கொடுத்தாள். என் தோளைத் தொட்டு, தள்ளவில்லை, தொட்டுத்தான், வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். இடதுகால் செருப்பில் வலதுகாலை விட்டு, எடுத்து, மறுபடி போட்டேன். அவள் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். “இனிமே இங்க வராத. புள்ள பொறந்தா சொல்லி அனுப்பறோம். அப்பயும் வராத.” “சரி” என்றேன். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். மூச்சை எங்கேயோ பிடித்து வைத்திருந்தேன், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கதவைச் சாத்தினாள். வளையல் சத்தத்தோடு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.